காண்டால்ஃப் இல்லாத அத்தியாயங்கள்

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' நாவலில் 19 அத்தியாயங்கள் உள்ளன. பதின்மூன்று குள்ளர்களையும் பில்போ என்ற ஹாபிட்டையும் டிராகன் படுத்திருக்கும் மலைக்குக் கிளப்பிவிட்ட மந்திரவாதி காண்டால்ஃப், ஏழாம் அத்தியாயத்தின் முடிவில், மிர்க்வுட் காட்டின் விளிம்பில் அவர்களிடம் விடைபெற்றுப் போய்விடுகிறார். மறுபடி அவர் தலைகாட்டுவது 16-ஆம் அத்தியாயம் முடியும் தறுவாயில். அதற்குள் ராட்சதச் சிலந்திகளோடு நடந்த சண்டை, எல்ஃப் அரசனின் சிறை, பீப்பாய்களில் மறைந்து தப்பியது, ஸ்மாக் என்ற டிராகனோடு பில்போ நேருக்கு நேர் நடத்திய பேச்சு, அந்த டிராகனின் சாவு எல்லாம் முடிந்துவிட்டன. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1954-இலும் 1955-இலும் மூன்று தொகுதிகளாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலிலும் இதே கதைதான். ஆறு புத்தகங்களாகப் பகுக்கப்பட்ட அந்த நாவலின் நான்காம் புத்தகம் முழுவதிலும் காண்டால்ஃப் ஒருமுறைகூட எதிரே வருவதில்லை. முதல் புத்தகத்தில் தொடக்க அத்தியாயங்களைத் தாண்டினால் அவர் இல்லை. ஆறாம் புத்தகத்தில், சௌரான் என்ற தீய தலைவனின் மோதிரம் நெருப்பில் விழும் அந்த முக்கியமான இடத்தில், அவர் பல மைல் தொலைவில் வேறொரு போர்க்களத்தில் நிற்கிறார். பயணத்துக்கு வழிகாட்ட வந்தவர் பயணத்தின் கடினமான பகுதிகளில் எல்லாம் ஏன் காணாமல் போகிறார் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் விலகிப்போவதும் அவருடைய வழிகாட்டலில் ஒரு பகுதி, சொல்லப்போனால் அதன் முக்கியமான பகுதி என்பது என் வாதம்.

இதற்கு எளிமையான மறுப்பு ஒன்று உண்டு. அதை முதலிலேயே சந்தித்துவிடலாம். சர்வ வல்லமை கொண்ட ஒருவர் கூடவே வந்தால் கதையில் ஆபத்து இருக்காது, ஆபத்து இல்லாவிட்டால் படிக்கிறவருக்குப் பதைப்பு இருக்காது, எனவே ஆசிரியர் அவரை அவ்வப்போது அப்புறப்படுத்துகிறார். இது எழுத்தாளரின் வசதி, அவ்வளவுதான் என்பார்கள். 'தி ஹாபிட்' வரைக்கும் இதை என்னால் முழுதாக மறுக்க முடியாது. அங்கே காண்டால்ஃப் தெற்கே அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வேலையைப் பற்றி நாவல் ஓரிரு வரிக்கு மேல் விளக்குவதில்லை. ஆனால் டோல்கீன் அந்த வசதியை வசதியாகவே விட்டுவைக்கவில்லை. பெரிய நாவலின் பின்னிணைப்பில் அந்த உலகத்தின் மூன்றாம் யுக வரலாற்றை எழுதும்போது, மந்திரவாதிகள் எப்படி வந்தார்கள் என்று சொல்கிறார். ஏறத்தாழ யுகத்தின் 1000-ஆவது ஆண்டில், மேற்கே கடலுக்கு அப்பால் இருந்து, சௌரானை எதிர்ப்பவர்களுக்குத் துணையாக அவர்கள் அனுப்பப்படுகிறார்கள். கிழவர்களின் உருவத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு இரண்டு தடைகள் விதிக்கப்படுகின்றன: சௌரானின் பலத்தைத் தங்கள் பலத்தால் எதிர்கொள்ளக் கூடாது, எல்ஃப்களையோ மனிதர்களையோ பலத்தாலும் பயத்தாலும் அடக்கி ஆளக் கூடாது. முதல் நாவலில் கதையின் தேவையாக இருந்தது இரண்டாவதில் அந்த உலகத்தின் சட்டமாகிவிட்டது. காண்டால்ஃப் எப்போதெல்லாம் ஒதுங்கி நிற்கிறாரோ அப்போதெல்லாம் அவர் தம் கட்டளைக்கு உட்பட்டு நிற்கிறார்.

நம்மூர்ப் பிள்ளைகள் கதைகளில் வழக்கமாக அறிந்த மந்திரவாதி வேறு ரகம். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கிளியின் உடலில் உயிரை ஒளித்துவைத்துக்கொண்டு, இளவரசியைச் சிறைவைத்திருப்பவன் அவன். டோல்கீனின் உலகத்தில் அவனுக்கு உறவுக்காரர் காண்டால்ஃப் அல்லர், சௌரான்தான். தன் பலத்தின் பெரும்பகுதியை ஒரு மோதிரத்துக்குள் வைத்தவன் அவன். மோதிரம் அழிந்தால் அவனும் அழிவான். உயிரையோ ஆற்றலையோ வெளிப்பொருள் ஒன்றில் வைக்கும் பழங்கதை மரபின் ஒரு வடிவமே இது என்று டோல்கீனே 1958-இல் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். அந்த நாவலில் ஆற்றலைச் சேர்த்துக் குவிப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் நிற்கிறார்கள். சாருமானும் அந்தப் பக்கம்தான் போய்ச் சேர்கிறான். காண்டால்ஃபோடு அதே கப்பல் துறையில் இறங்கிய, அதே கட்டளையைப் பெற்ற, அவரைவிட மூத்த பதவியில் இருந்த மந்திரவாதி அவன். எதிரியை வெல்ல எதிரியின் கலையைக் கற்றான். கற்றதைப் பயன்படுத்த ஆசைப்பட்டான். கடைசியில் கோட்டையும் சேனையும் உலைக்களங்களுமாகச் சௌரானின் சிறிய நகலாக முடிந்தான். சாருமான் கெட்டவனாகப் பிறந்தவன் அல்லன். மக்களை அவர்கள் நன்மைக்காகவே தான் நடத்த வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிய இடத்தில் அவன் சறுக்கினான். அவனைப் பார்த்தால்தான் காண்டால்ஃபின் தயக்கம் எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பது விளங்கும்.

அந்த உழைப்பை நெருங்கிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயம். பில்போவின் 111-ஆவது பிறந்தநாள் விருந்து முடிந்த இரவு. ஊரைவிட்டுப் போவதாகவும் மோதிரத்தைத் தம்பிமுறை வாரிசான ஃப்ரோடோவுக்கு விட்டுச்செல்வதாகவும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பில்போ, வாசல்வரை வந்தபின் மனம் மாறுகிறார். அது எனக்கே சொந்தம் என்கிறார். காண்டால்ஃப் அதைத் திருடப் பார்ப்பதாகக் குற்றம் சாட்டுகிறார். கை இடுப்பில் உள்ள சிறு வாளின் பிடிக்குப் போகிறது. அப்போது காண்டால்ஃப் எழுந்து நிற்கிறார். அவர் உருவம் வளர்ந்தது போலவும் அவருடைய நிழல் அந்தச் சின்ன அறையை நிறைத்தது போலவும் பில்போவுக்குத் தோன்றுகிறது. அவர் பயமுறுத்தினார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பலத்தையும் பயத்தையும் பயன்படுத்தக் கூடாது என்ற தடையின் எல்லைக்கோட்டில் அவர் கால் பட்டுவிட்டது. ஆனால் உடனே அவர் பின்வாங்கிவிடுகிறார். முன்பு என்னை நம்பியது போல இப்போதும் நம்பு என்று கெஞ்சுவது போலப் பேசுகிறார். பில்போ மோதிரம் இருந்த உறையை வைக்கப்போகும்போது கை பின்னுக்கு இழுத்துக்கொள்ள, உறை தரையில் விழுகிறது. மந்திரவாதி குனிந்து அதை எடுத்துக் கணப்படுப்பின் மேல் வைக்கிறார். தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் ஃப்ரோடோவிடம் பேசும்போது இதன் மதிப்பை அவரே சொல்கிறார்: அந்த மோதிரத்தைத் தானாகவே முன்வந்து விட்டுக்கொடுத்தவர் வரலாற்றில் பில்போ ஒருவர்தான். அதற்கு என் உதவியும் முழுதாகத் தேவைப்பட்டது என்றும் சேர்த்துக்கொள்கிறார். பறித்திருந்தால் அரை நிமிட வேலை. அதனால் பில்போவின் மனமே உடைந்துபோயிருக்கும். இதே அபாயத்தைத்தான், வலுக்கட்டாயமாக வாங்கினால் உன் மனம் சிதையும் என்று, அடுத்த அத்தியாயத்தில் ஃப்ரோடோவிடமும் அவர் எடுத்துச் சொல்கிறார்.

அதே அத்தியாயத்தில் ஃப்ரோடோ மோதிரத்தை அவரிடமே நீட்டுகிறான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அறிவும் பலமும் உள்ளவர் நீங்கள் என்கிறான். காண்டால்ஃப் பதறி மறுக்கிறார். தமக்கு ஆசை இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலவீனரைக் காக்க வேண்டும் என்ற இரக்கத்தின் வழியாகவே அது தம்மைப் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சுகிறார். டோல்கீன் 1963-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார். மோதிரத்தை அணிந்த காண்டால்ஃப் சௌரானைவிடக் கொடியவராக இருந்திருப்பார் என்கிறார். சௌரானின் கீழே தீமை தீமையாகவே தெரிந்திருக்கும். காண்டால்ஃபின் கீழே நன்மையே மக்கள் வெறுக்கும் பொருளாகியிருக்கும். வழிகாட்டிகளைப் பற்றி இதைவிடக் கூர்மையான எச்சரிக்கையை ஒரு கற்பனை நாவலாசிரியர் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு, மோதிரத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்க ரிவெண்டெல்லில் கூடிய அவை. மோதிரத்தை அழிப்பதே வழி என்று வாதாடி அவையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் காண்டால்ஃப். ஆனால் யார் கொண்டுபோவது என்ற கேள்வி எழும்போது அவர் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. கிழவர் பில்போ நானே போகிறேன் என்கிறார். அதை மென்மையாக மறுப்பதோடு சரி. எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஃப்ரோடோ, தன் குரலை வேறு யாரோ பயன்படுத்துகிறார்களோ என்று தனக்கே வியப்பாக இருக்க, நான் போகிறேன் என்று சொல்கிறான். பின்னர் எட்டுத் துணைவர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் ரிவெண்டெல் தலைவர் எல்ரண்ட், ஃப்ரோடோவின் ஹாபிட் நண்பர்களான மெர்ரி, பிப்பின் இருவரில் இளையவன் பிப்பினை ஊருக்கு அனுப்பிவிடவே எண்ணுகிறார். வலிமையான எல்ஃப் வீரர் ஒருவர் வந்தால் நல்லதல்லவா? பெரிய அறிவைவிட இவர்களுடைய நட்பை நம்பலாம் என்று குறுக்கிட்டவர் காண்டால்ஃப். கணக்குப் பார்த்தால் இது தவறான முடிவு. கதை முடியும்போது பார்த்தால், என்ட் என்னும் மரமனிதர்களை எழுப்பி, சாருமானின் கோட்டையான ஐசன்கார்டைத் தகர்க்கக் காரணமானவர்கள் மெர்ரியும் பிப்பினும்; சௌரானின் கொடிய ஏவலாளர்களான நாஸ்குல்களின் தலைவனை வீழ்த்தியதில் பங்கு மெர்ரிக்கு; ஃபாரமிர் என்ற படைத்தலைவனை உயிரோடு எரிய விடாமல் காப்பாற்ற ஓடியவன் பிப்பின். இந்த விளைவுகள் எதையும் காண்டால்ஃப் முன்கூட்டி அறியவில்லை. தெரியாத இடத்தில் மற்றவர்களின் அன்புக்கு இடம் விடுவதுதான் அவர் செய்தது.

அப்படியானால் அவர் தவறே செய்யாதவரா என்று கேட்கலாம். நிறையவே செய்கிறார், டோல்கீன் அவற்றை மறைப்பதும் இல்லை. பில்போவிடம் இருப்பது எந்த மோதிரம் என்று கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார். சாருமானை நம்பி அவன் கோபுரத்துக்குள் தானே நடந்துபோய்ச் சிறைப்படுகிறார். ஃப்ரோடோ உடனே கிளம்ப வேண்டும் என்று எழுதிய கடிதத்தைப் பிரீ ஊர் விடுதிக்காரரிடம் கொடுக்கிறார். அந்த நல்ல மனிதர் அனுப்ப மறந்துவிடுகிறார். அதனால் ஃப்ரோடோ செப்டம்பர் 23-ஆம் தேதிவரை காத்திருந்து, சௌரானின் கருப்புக் குதிரைவீரர்கள் ஊருக்குள் நுழைந்தபின்தான் புறப்படுகிறான். குள்ளர்களின் பழைய சுரங்க நகரமான மோரியாவின் மேற்கு வாசலில் நடப்பது இன்னும் கூர்மையான காட்சி. நிலவொளியில் கதவின் மேல் எழுத்துகள் மின்னுகின்றன. காண்டால்ஃப் தமக்குத் தெரிந்த பல மொழிகளில் மந்திரங்களைச் சொல்லிப் பார்க்கிறார், கோலால் தட்டுகிறார், கடைசியில் கோலைத் தரையில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் கதவின் வாசகத்துக்கு என்ன பொருள் என்று மெர்ரி முன்பே ஒரு கேள்வி கேட்டிருந்தான். கதவு திறந்தபின், சரியான தடத்தில் இருந்தவன் மெர்ரிதான் என்று காண்டால்ஃப் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறார். தவறாத வழிகாட்டியோடு நடப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்கள். காண்டால்ஃபின் கூட்டத்தில் ஆரகார்ன் எதிர்த்துப் பேசுகிறான், போரோமிர் முணுமுணுக்கிறான், பையன் ஒருவன் கேள்வி கேட்கிறான். மோரியா பாதை வேண்டாம், அது குறிப்பாக உங்களுக்கே ஆபத்து என்று ஆரகார்ன் எச்சரித்திருந்தான். அது பலித்தது. அங்கே கசாத்-தூம் பாலத்தில் பால்ராக் என்ற நெருப்பு அரக்கனை மறித்து நின்று காண்டால்ஃப் பாதாளத்தில் விழும்போது, மீதி எட்டுப் பேர் நடக்கத் தெரியாமல் நின்றுவிடவில்லை. ஆரகார்ன் அவர்களை அழைத்துக்கொண்டு வெளியே வருகிறான்.

வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. அதைச் சொல்பவர் நாவலுக்கு உள்ளேயே இருக்கிறார்: கொண்டோர் நாட்டை ஆளும் டெனதோர். அவர் காண்டால்ஃபின் முகத்துக்கு நேராகவே குற்றம் சாட்டுகிறார். எங்களை ஒரு கையால் சௌரானின் நாடான மோர்டோருக்கு எதிரான கேடயமாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வடக்கிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து என் இடத்தில் வைக்கப் பார்க்கிறாய். ஒவ்வொரு அரியணைக்குப் பின்னாலும் நீ நிற்க நினைக்கிறாய் என்பது அவர் வழக்கு. விலகி நிற்பது போல் காட்டிக்கொண்டு எல்லாரையும் காய் நகர்த்துகிறவர்தான் காண்டால்ஃப் என்று இன்றும் பல வாசகர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் டெனதோர் முன்னோடி. வழக்கில் உண்மை இல்லாமலும் இல்லை. அந்த வடக்கத்தியவனான ஆரகார்னைப் பற்றி டெனதோரிடம் வாய் திறக்காதே என்று பிப்பினிடம் காண்டால்ஃப் சொல்லித்தான் உள்ளே அழைத்துப் போகிறார். ஒரு நாட்டின் தலைவரிடம், அந்த நாட்டின் அரசுரிமை பற்றிய செய்தியை மறைப்பது நேர்மையா? எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. அதற்காக வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் காய் நகர்த்துகிறவர் யார் என்பதை டெனதோரின் நடத்தையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறரை ஆயுதமாகப் பயன்படுத்துவதே பெரிய தலைவர்களின் வழக்கம் என்று சொல்பவர் டெனதோர். மாளிகையில் அமர்ந்தபடி தம் மகன் ஃபாரமிரைக் காக்க முடியாத ஆற்றங்கரைக்கு அனுப்புகிறவரும் அவரே. இந்தக் காட்சியை எழுதியவர் 1916-இல் சொம் போர்முனையில் இருந்தவர், நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் இழந்தவர் என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது. காண்டால்ஃபோ பாலத்தில் தாமே நிற்கிறார். ஃபாரமிரின் வீரர்கள் துரத்தப்படும்போது தாமே குதிரையில் எதிரே போகிறார்.

டெனதோரின் முன்னால் நடக்கும் இன்னொரு காட்சியும் இந்த வழக்கில் சாட்சி. ஃப்ரோடோ கிரித் உங்கோல் என்ற கொடிய கணவாய் வழியாகப் போனான் என்று ஃபாரமிர் வந்து சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் பிப்பின் காண்டால்ஃபின் கைகளைப் பார்க்கிறான். நாற்காலியின் செதுக்கு மரத்தை அவை இறுகப் பற்றியிருக்கின்றன, வெளுத்து, மிக வயதானவையாக. காண்டால்ஃப் பயப்படுகிறார் என்று பையனுக்குப் புரிகிறது. காய் நகர்த்துகிறவருக்குத் தம் காய் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஃப்ரோடோ எந்த வழியில் போகிறான் என்பது காண்டால்ஃபுக்கு அதுவரை தெரியாது. ஃப்ரோடோவின் பாதையை ஃப்ரோடோவே தேர்ந்துகொண்டான்; அந்தத் தேர்வு எவ்வளவு பயங்கரமானாலும் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவராகவே காண்டால்ஃப் நிற்கிறார்.

ஆனால் அந்தப் பாதையில் அவர் ஒருவகையில் உடன் போகிறார், என் வாதத்துக்கு முதன்மையான சான்று அதுதான். மோதிரத்தின் கதையைச் சொன்ன அன்று, கோல்லம் என்ற அந்தக் கேடுகெட்ட பிறவியை பில்போ அப்போதே கொன்றிருக்கக் கூடாதா என்று ஃப்ரோடோ கோபமாகக் கேட்டிருந்தான். கொல்லாமல் விட்ட இரக்கத்தைப் பற்றியும், சாவுத் தீர்ப்பு வழங்க அவசரப்படுவதைப் பற்றியும் காண்டால்ஃப் அன்று பேசினார். கோல்லத்துக்கு இன்னும் ஏதோ ஒரு பங்கு இருப்பதாகத் தம் மனம் சொல்கிறது, நன்மையோ தீமையோ தெரியவில்லை என்றார். மாதங்கள் போயின. நான்காம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் கோல்லம் ஃப்ரோடோவின் வாள்முனையில் கிடக்கிறான். காண்டால்ஃப் இறந்துவிட்டார் என்றுதான் ஃப்ரோடோ நம்பிக்கொண்டிருக்கிறான். அந்தப் பழைய உரையாடல் அவன் காதில் ஒலிக்கிறது. அதற்கு வாய்விட்டே பதில் சொல்கிறான், வாளைத் தாழ்த்துகிறான். கடைசியில் மோர்டோரின் எரிமலைச் சரிவில், ஃப்ரோடோவோடு வந்த சாமுக்கும் அதே வாய்ப்பு வருகிறது; மோதிரத்தைச் சிறிது நேரம் சுமந்தவன் என்பதால் அவனும் கோல்லத்தின் வேதனையை அறிந்து, கொல்லாமல் விடுகிறான். மார்ச் 25-ஆம் தேதி, எரிமலையின் உள்ளே, ஃப்ரோடோ தோற்றுவிடுகிறான். மோதிரத்தை எறிய மறுக்கிறான். அவன் விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரத்தோடு நெருப்பில் விழுபவன் கோல்லம். பில்போ, ஃப்ரோடோ, சாம் என்று மூன்று பேர் மூன்று இடங்களில் வாளை ஓங்காமல் விட்டதால் மட்டுமே அது நடக்கிறது. காண்டால்ஃபின் எந்த மந்திரமும் இதைச் செய்திருக்க முடியாது. அவர் செய்தது ஒரு காலைப் பொழுதில், ஒரு சன்னலருகே, கோபமாக இருந்த ஃப்ரோடோவிடம் பொறுமையாகப் பேசியதுதான்.

கழுகுகள் வந்து காப்பாற்றுகின்றனவே, செத்துப்போன காண்டால்ஃபே வெள்ளுடையோடு திரும்பி வருகிறாரே, முடிவில் மேலிருந்து வந்த பலம்தானே வென்றது என்று சிலர் கேட்பதுண்டு. கழுகுகள் ஃப்ரோடோவையும் சாமையும் தூக்க வருவது மோதிரம் அழிந்த பிறகு. திரும்பி வந்த காண்டால்ஃப் முன்பைவிட வலிமையானவர்; சாருமானின் கோலை உடைக்கிறார், தியோடன் என்ற அரசரைச் சோர்விலிருந்து எழுப்புகிறார். ஆனால் எழுப்பியபின் போருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் தியோடன். கடைசிப் படையெடுப்பில், ஃப்ரோடோவுக்கு அவகாசம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏழாயிரம் பேரை மோர்டோரின் வாசலுக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்று ஆலோசனை சொல்கிறார். ஆணையிட அவர் முன்வரவில்லை. தலைவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வாயால் சம்மதிக்கிறார்கள்.

பீட்டர் ஜாக்சனின் மூன்று திரைப்படங்கள் 2001-இலிருந்து 2003 வரை வெளிவந்தன. கோடிக்கணக்கான மக்கள் காண்டால்ஃபை அறிந்தது அவற்றின் வழியாகத்தான். அந்தப் படங்களில் டெனதோரைக் காண்டால்ஃப் கோலால் அடித்து வீழ்த்திவிட்டுப் படையைத் தாமே நடத்துகிறார். நாவலில் அப்படி ஓர் அடி கிடையாது. அதைவிடப் பெரிய இழப்பு, ஹாபிட்களின் ஊரான ஷயருக்குத் திரும்பும் அத்தியாயம் படத்தில் இல்லாமல் போனது. நாவலில் ஹாபிட்கள் நால்வரும் ஊரை நெருங்கும்போது அங்கே நிலைமை கெட்டிருப்பது காண்டால்ஃபுக்குத் தெரியும். ஆனாலும் அவர் வரவில்லை. இதற்காகத்தான் உங்களைப் பழக்கியது என்ற பொருளில் சொல்லிவிட்டு, டாம் பாம்படில் என்பவரோடு பேசப் போய்விடுகிறார். ஊரில் சாருமானின் ஆட்கள் மரங்களை வெட்டி, தானியத்தைப் பறித்து, மக்களை அடைத்துவைத்திருக்கிறார்கள். மெர்ரியும் பிப்பினும் ஊராரைத் திரட்டுகிறார்கள். நவம்பர் 3-ஆம் தேதி பைவாட்டரில் நடந்த சண்டையில் 19 ஹாபிட்கள் உயிரிழக்கிறார்கள். ஃப்ரோடோ வாளை உருவவே இல்லை. சரணடைந்தவர்களைக் கோபக்காரர்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு திரிகிறான். அகப்பட்ட சாருமான் அவனைக் குத்தப் பார்க்கிறான். உள்ளே அணிந்திருந்த கவசத்தில் கத்தி முறிகிறது. சாம் வாளோடு பாய, ஃப்ரோடோ தடுத்து, அவனைப் போகவிடச் சொல்கிறான்: ஒரு காலத்தில் பெரியவனாக இருந்தவன், அவனைக் குணப்படுத்த நம்மால் முடியாது, அவனே அதைக் கண்டடையக்கூடும் என்கிறான். கோல்லத்தைப் பற்றிக் காண்டால்ஃப் அன்று சொன்னதன் சாரம் இது. இம்முறை அதை நினைவுபடுத்த யாரும் இல்லை, யாருடைய குரலும் காதில் ஒலிக்கவில்லை, ஃப்ரோடோ தன் சொந்த வாக்காகவே அதைச் சொல்கிறான். நீ வளர்ந்துவிட்டாய் என்று வியப்போடும் வெறுப்போடும் அதை முதலில் ஒப்புக்கொள்பவன், வழிகாட்டுவதற்கென்று அதே கடலைக் கடந்து வந்த சாருமான்.